75 கேலன் தொட்டியில் இருபுள்ளி ஆக்டோபஸ்: அமைப்பும் கணக்கும்

ஆக்டோபஸ் வளர்ப்பதில் இனத் தேர்வு தவறினால் பிறகு செய்யும் எதுவும் உதவாது. இந்தப் பதிவு கலிபோர்னியா இருபுள்ளி ஆக்டோபஸுக்கானது. அறிவியல் பெயர் ஆக்டோபஸ் பைமாக்குலாய்டிஸ். அமெரிக்காவில் வளர்ப்பவர்கள் சுருக்கமாக ‘பைமாக்’ என்பார்கள். கலிபோர்னியாவின் நடுப்பகுதிக் கரையிலிருந்து தெற்கே மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா வரை பாறையிடுக்குகளில் வாழும். முழு வளர்ச்சியில் உடல் 15 முதல் 18 செ.மீ., கைகள் 50 செ.மீ.க்கு மேல். ஆயுள் ஒன்று முதல் இரண்டு ஆண்டு, அவ்வளவுதான்.

இந்த இனத்தைச் சொல்வதற்குக் காரணம் முட்டை. பைமாக்கின் முட்டை பெரியது. பொரித்த குஞ்சு நேராகத் தரையில் இறங்கி இரை பிடிக்கத் தொடங்கிவிடும். சாதாரண ஆக்டோபஸான வல்காரிஸின் குஞ்சுகளோ வாரக்கணக்கில் மிதவையுயிரிகளோடு அலைந்த பிறகே தரைக்கு வரும். அவற்றை வீட்டில் தேற்றுவது நடக்காத காரியம். ஆகவே தொட்டியில் பிறந்து வளர்ந்த குட்டியாக வாங்கக் கிடைப்பது பெரும்பாலும் பைமாக்தான். கடலில் பிடித்து விமானத்தில் வந்த, இனப்பெயரே தெரியாத ஆக்டோபஸ் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதன் வயது யாருக்கும் தெரியாது. ஓராண்டு ஆயுளில் பதினோரு மாதம் முடிந்திருந்தால் பணமும் போச்சு, விலங்கும் போச்சு. நஞ்சு வைத்துப் பிடித்ததா என்பதும் தெரியாது. பைமாக் கிடைக்கவில்லையென்றால் காத்திருப்பதுதான் சரி.

ஓர் எச்சரிக்கை. பைமாக்கின் கண்ணுக்குக் கீழே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே நீல வளையப் பொட்டுகள் இருக்கும். உடலெங்கும் நீல வளையங்கள் உள்ள சிறிய ஆக்டோபஸ் வேறு இனம். அதன் கடியில் டெட்ரோடோடாக்சின் என்ற நரம்பு நஞ்சு உண்டு, முறிமருந்து கிடையாது. யார் இலவசமாகக் கொடுத்தாலும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

தொட்டியும் எடையும்

75 கேலன் தொட்டி: 122 செ.மீ. நீளம், 46 செ.மீ. அகலம், 53 செ.மீ. உயரம். கீழே 40 கேலன் சம்ப், அதாவது வடிகட்டும் கருவிகள் இருக்கும் இரண்டாம் தொட்டி. கல், மணல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக ஓடும் நீர் ஏறக்குறைய 250 லிட்டர். இனி வரும் கணக்கெல்லாம் இந்த 250-ஐ வைத்துத்தான். கண்ணாடி, கல், மணல், நீர் சேர்த்தால் மொத்த எடை 400 கிலோவைத் தாண்டும். மரத்தளம் போட்ட வீட்டில் சுவரோரமாக, தளத்துக்கடியில் ஓடும் உத்தரங்களுக்குக் குறுக்காக வையுங்கள்.

பழைய தொட்டி வாங்குவதானால் அதில் எப்போதாவது தாமிர மருந்து ஊற்றினார்களா என்று கேளுங்கள். மீனுக்கு வரும் வெண்புள்ளி நோய்க்குத் தாமிரம் நல்ல மருந்து. ஆக்டோபஸுக்கு அது விஷம். அதன் இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோசயனினிலேயே தாமிரம் உண்டு என்றாலும் நீரில் கரைந்து வரும் தாமிரத்தை அதன் உடல் தாங்காது. மருந்து பட்ட கல்லும் மணலும் தாமிரத்தைப் பிடித்து வைத்து மாதக்கணக்கில் கசியவிடும். கடையில் விற்கும் சொட்டுக் கிட்டில் ‘இல்லை’ என்று காட்டுவதை நம்ப முடியாது. கிட்டின் கண்ணில் படாத சிறு அளவே தீங்கு செய்யும். வரலாறு தெரியாத தொட்டியும் கல்லும் வேண்டாம். பித்தளை வால்வு, தாமிரச் சுருள் வைத்த சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி), நாகமுலாம் பூசிய கிளிப் எதுவும் நீரைத் தொடக் கூடாது. குழாய் நீரும் தாமிரக் குழாய் வழியாக வருவதால் ஆர்.ஓ. வடிகட்டியோடு அயனி நீக்கும் ரெசினும் சேர்த்து, டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டும் நீரையே பயன்படுத்த வேண்டும்.

உப்புக் கலவை லிட்டருக்கு ஏறக்குறைய 37 கிராம். முதல் நிரப்புக்கு 9 கிலோவுக்குச் சற்று மேல் ஆகும். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 34 முதல் 35 பி.பி.டி. (ஆயிரத்தில் இத்தனை பங்கு உப்பு), பி.எச். 8.0 முதல் 8.3 வரை. வெப்பம் 18 முதல் 20 டிகிரி செல்சியஸ். இதைவிடச் சூடான நீரிலும் பைமாக் உயிரோடிருக்கும். ஆனால் சூடு கூடக்கூட அதிகம் தின்னும், வேகமாக வளரும், சீக்கிரமே முதுமையடையும். சூடான நீரில் ஆக்ஸிஜனும் குறைவாகவே கரையும். வீட்டு அறை 25 டிகிரி என்றால் சில்லர் இல்லாமல் முடியாது. உள்ளே டைட்டானியச் சுருள் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

உள்ளே வரும் வழி ஒன்று, வெளியே போகும் வழி ஒன்று

ஆக்டோபஸின் உடலில் கடினமான பாகம் என்று சொல்லத்தக்கது அலகு மட்டும்தான். அலகு நுழையும் ஓட்டையில் முழு விலங்கும் நுழைந்துவிடும். எனவே அமைப்பின் முதல் விதி, மேல்தொட்டிக்கு இரண்டே திறப்பு: ஓவர்ஃப்ளோ (நிரம்பி வழியும் நீர் சம்ப்புக்கு இறங்கும் பெட்டி) வழியாக நீர் வெளியேற ஒன்று, பம்ப் நீர் திரும்ப ஒன்று. ஹீட்டர், கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர், சில்லர் குழாய், வெப்ப உணரி எல்லாம் சம்ப்பில் இருக்கட்டும். மேல்தொட்டிக்குள் ஒயர் ஒன்று தொங்கினாலும் மூடியில் அதற்கு ஓர் இடுக்கு வேண்டியிருக்கும். அந்த இடுக்கை நீங்கள் மறந்தாலும் ஆக்டோபஸ் மறக்காது. அலை உண்டாக்கும் பவர்ஹெட் வேண்டாம். உறிஞ்சும் வாயில் கை சிக்கினால் துண்டாகும். மணிக்கு 1,500 முதல் 2,000 லிட்டர் திருப்பும் பம்ப் ஒன்றே போதும்.

ஓவர்ஃப்ளோவின் பல்வரிசைக்கு மேல் 3 மில்லி கண்ணுள்ள பிளாஸ்டிக் வலை வேண்டும். அதிகம் பேர் சறுக்குவது இந்த இடத்தில்தான். வலையில் பாசி படியும், இறால் ஓடு ஒட்டும், சில நேரம் ஆக்டோபஸே போய் அதன்மேல் படுத்துக்கொள்ளும். வடிகால் அடைபட்டாலும் பம்ப் நீரை ஏற்றிக்கொண்டேயிருக்கும். தொட்டியின் உட்பரப்பில் 1 செ.மீ. உயரம் என்பது சுமார் 5.3 லிட்டர். சம்ப்பின் பம்ப் அறையில் பம்ப் உறிஞ்சக்கூடிய நீர் 20 லிட்டர் என்றால், வடிகால் முழுதும் அடைபட்டாலும் மேல்தொட்டி நீர் 3.8 செ.மீ.க்கு மேல் உயராது. ஆகவே நீர்மட்டம் விளிம்புக்கு 6 செ.மீ. கீழே. வலையைப் பற்களின்மேல் நேராக ஒட்டாமல், பெட்டியைச் சுற்றி 15 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்தில் சட்டமாகச் செய்து நழுவவிட்டால் கழற்றிக் கழுவலாம். இரண்டு சட்டம் செய்து மாற்றி மாற்றிப் போடுங்கள்.

மின்சாரம் போனால் கதை தலைகீழ். திரும்பு குழாயின் வாய் நீருக்குள் 2 செ.மீ. ஆழத்தில் இருந்தால் சைஃபன் வழியாக 10 லிட்டருக்கு மேல் கீழிறங்கும். ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் குழாயிலும் நிற்கும் நீரும் கூடவே வரும். சம்ப்பில் எப்போதும் 25 லிட்டருக்கு இடம் காலியாக இருக்க வேண்டும். சைஃபனை உடைக்கக் குழாயில் போடும் சிறு துளையை மட்டும் நம்ப வேண்டாம், மணலோ ஓடோ அடைத்துவிடும். மீன்தொட்டிகளில் போடும், விரலால் வளைக்கக்கூடிய கண்ணிக் குழாயும் இங்கே உதவாது. ஆக்டோபஸ் அதைக் கண்ணி கண்ணியாகப் பிரித்துவிடும். சால்வென்ட் போட்டு ஒட்டிய கெட்டி பி.வி.சி. மட்டும். 2009-ல் சான்டா மோனிகா பியர் அக்வேரியத்தில் ஒரு இருபுள்ளி ஆக்டோபஸ் வால்வைப் பிரித்து ஏறக்குறைய 200 கேலன் கடல்நீரைத் தரையில் கொட்டவிட்டது. நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே இனம்தான்.

மூடிக்கு 6 மில்லி அக்ரிலிக் போட்டால் சில வாரத்தில் வளையும். நீராவி படும் அடிப்பக்கம் ஈரத்தை உறிஞ்சி விரிய, மேல்பக்கம் அப்படியே நிற்பதே காரணம். வளைந்த மூலையில் இடுக்கு விழும். 10 மில்லி பாலிகார்பனேட் எடுத்து, நான்கு பக்கமும் விளிம்பின் வெளியே 3 செ.மீ. இறங்கும் சட்டம் ஒட்டுங்கள். காற்றோட்டத்துக்கு 3 மில்லி துளைகளை நெருக்கமாகப் போடலாம். நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் கிளாம்ப், முன்பக்கம் ஒரு பூட்டு. எடை வைத்து அழுத்துவது ஏமாற்று வேலை. விளிம்பின் உட்பக்கம் 5 செ.மீ. அகலத்துக்கு செயற்கைப் புல் பட்டை ஒட்டினால் உறிஞ்சிகள் பிடிக்காது. பெரும்பாலானவை அதைத் தாண்டி ஏறுவதில்லை. அது இரண்டாம் காவல்தான், கிளாம்புக்கு மாற்று ஆகாது. 2016-ல் நியூசிலாந்தின் நேப்பியர் தேசிய அக்வேரியத்திலிருந்து இங்கி என்ற ஆக்டோபஸ் தப்பியது பராமரிப்புக்குப் பிறகு மூடி சற்றே திறந்திருந்ததால்தான். தரையைக் கடந்து, வடிகால் குழாயில் இறங்கி, கடலுக்கே போய்விட்டது. வீட்டில் கடல் இருக்காது, சோபாவுக்கடியில் காய்ந்து கிடக்கும். தொட்டியில் கை வைத்த ஒவ்வொரு முறையும் கிளாம்ப்களை எண்ணிப் பாருங்கள்.

10 கிராம் இறாலின் கணக்கு

ஓரளவு வளர்ந்த பைமாக்குக்கு ஒரு நாள் இரை 10 கிராம் இறால் சதை என்று வைப்போம். அதில் புரதம் சுமார் 2 கிராம். புரதத்தில் நைட்ரஜன் 16 சதவீதம். ஆக 320 மில்லிகிராம் நைட்ரஜன். வளரும் பருவத்தில் பாதியை உடலில் சேர்த்துக்கொண்டு மீதி 160 மில்லிகிராமை அம்மோனியாவாக விடும் என்று கொண்டால், 250 லிட்டரில் அது லிட்டருக்கு 0.64 மில்லிகிராம். பாக்டீரியா இதை நைட்ரேட்டாக்கும்போது 4.4 மடங்கு எடை: நாளுக்கு 2.8, வாரத்துக்கு ஏறக்குறைய 20 மி.கி. வளர்ச்சி நின்ற பிறகு இதுவே இரட்டிப்பை நெருங்கும்.

வாரம் 25 சதவீதம் நீர் மாற்றினால் போதும் என்று மீன் வளர்ப்பவர்கள் சொல்வது இங்கே ஏன் தோற்கிறது என்பதற்கு இந்தக் கணக்கே விடை. வாரம் 20 சேர்ந்து, கால்பங்கு வெளியேறினால் நைட்ரேட் 80-ல் போய்த்தான் நிலைக்கும். பாதி நீரை மாற்றினாலும் 40. நமக்கு வேண்டியது 20-க்குள். எனவே கழிவு நைட்ரேட்டாக மாறும் முன்பே வெளியே எடுக்க வேண்டும். அதற்குத்தான் புரோட்டீன் ஸ்கிம்மர். 600 முதல் 750 லிட்டருக்கு என்று அட்டையில் போட்டிருப்பதை இந்த 250 லிட்டருக்கு வையுங்கள். சம்ப்பின் ஓர் அறையில் கீட்டோமார்ஃபா பாசிக்கு விளக்கு போட்டு வளர்த்து, வாரம் ஒரு கைப்பிடி அறுத்து வெளியே எறிந்தால் நைட்ரேட்டும் அதோடு போகும். ஆக்டிவேட்டட் கார்பன் 200 கிராம் வலைப்பையில், மாதம் ஒரு முறை மாற்றம். கண்ணாடிப் பெட்டியின் அழகுக்குச் செலவிடும் பணத்தைக் குறைத்து இந்தப் பகுதியில் போடுவதே புத்திசாலித்தனம்.

பாக்டீரியா பெருக மூன்று மாதம் ஒதுக்குங்கள். உணவாக அமோனியம் குளோரைடு கொடுக்கலாம். 1.9 கிராம் போட்டால் 250 லிட்டரில் நைட்ரஜன் லிட்டருக்கு 2 மி.கி. ஆகும், அதாவது மொத்தம் 500 மில்லிகிராம். 10 கிராம் இறாலில் உள்ள மொத்த நைட்ரஜனைவிட இது அதிகம். 24 மணி நேரத்தில் அம்மோனியாவும், அது நைட்ரேட்டாகும் வழியில் உண்டாகும் நைட்ரைட்டும் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்தால் வடிகட்டி தேறிவிட்டது. அம்மோனியா இறங்கி நைட்ரைட் நின்றால் இன்னும் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் நைட்ரேட் 9 மி.கி. ஏறுவதால் தினமும் போட வேண்டாம். தேறிய பிறகு நண்டு, நத்தைக்கு இரை போட்டு பாக்டீரியாவை உயிரோடு வையுங்கள். விலங்கு வருவதற்கு முந்தைய வாரம் பெரிய நீர் மாற்றம் ஒன்று.

உள்ளமைப்பு

லைவ் ராக் (பாக்டீரியாவும் சிற்றுயிர்களும் குடியிருக்கும் கடல் கல்) 25 முதல் 30 கிலோ. கல்லை நேராக அடிக்கண்ணாடியின்மேல் வைத்து எபாக்ஸியால் இணைத்த பிறகே மணல் போட வேண்டும், 3 முதல் 4 செ.மீ. மணல்மேல் கல் வைத்தால் ஆக்டோபஸ் அடியில் தோண்டும், குவியல் சரிந்து கண்ணாடியில் மோதும். குகை வாய் 4 முதல் 5 செ.மீ. போதும், அகலமாக இருந்தால் ஆக்டோபஸே கல்லை இழுத்து அடைத்துக்கொள்ளும். புதுக் கல்லில் மாண்டிஸ் இறாலும் நெருப்புப் புழுவும் ஒளிந்து வரும். தனித் தொட்டியில் சில வாரம் வைத்து, இரவில் சிவப்பு விளக்கடித்துப் பார்த்துப் பிடித்துவிடுங்கள்.

கூட்டாளி விலங்கு கிடையாது. மீன் அதன் கண்ணைக் கொத்தும் அல்லது அதற்கே இரையாகும். கடல் சாமந்தி கொட்டும். நத்தையும் சந்நியாசி நண்டும் சுத்தம் செய்ய விடலாம், திரும்பி வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். விளக்கு மங்கலாக, நாளுக்குச் சில மணி நேரம்.

குட்டி வரும் நாள்

பையில் ஓர் இரவு பயணம் செய்த நீரில் அம்மோனியா சேர்ந்திருக்கும். மூச்சில் வந்த கார்பன் டை ஆக்சைடால் பி.எச். இறங்கியிருப்பதால் அதன் கடுமை அதுவரை வெளித்தெரியாது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பி.எச். ஏறும், அம்மோனியா கடுமையாகும். ஆகவே பையைத் திறந்து வைத்துவிட்டுக் குழாய் தேடக் கூடாது. எல்லாம் தயாரான பின் திறவுங்கள். மூடியுள்ள வாளிக்கு மாற்றி, காற்றுக்குமிழி விடும் ஏர் ஸ்டோன் போட்டு, காற்றுக்குழாயில் முடிச்சிட்டுத் தொட்டி நீரை வேகமான சொட்டாக விடுங்கள். அளவு இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் பாதியை வெளியே கொட்டுங்கள். உப்பளவு 1 பி.பி.டி.க்குள், வெப்பம் 1 டிகிரிக்குள் வந்ததும் போதும். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். பையிலேயே மை விட்டிருந்தால் நிதானம் வேண்டாம். மை செவுளில் படியும் என்பதால் உடனே பாதி நீரை மாற்றுங்கள். வாளியை நீருக்குள் சாய்த்து அதுவாகவே வெளியேற விட வேண்டும். வாளி நீர் முடிந்த அளவு குறைவாகவே தொட்டியில் சேரட்டும்.

முதல் சில நாள் கண்ணில் படாது. குகை வாயருகே உயிருள்ள சிறு இறாலை விட்டு, அது காணாமல் போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இரை என்றால் ஃபிட்லர் நண்டு, கடல் இறால், மட்டி. சின்னக் குட்டிக்கு நண்டு கொடுக்கும்போது பெரிய கொடுக்கை ஒடித்துவிடுங்கள். நண்டுகளைத் தனித் தொட்டியில் சில நாள் வைத்துப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். உறைந்த இறால் பச்சையாக, பாஸ்பேட் சேர்க்காததாக இருக்கட்டும். தங்கமீன் போன்ற நன்னீர் மீன் வேண்டாம். கொழுப்பும், வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் தயாமினேஸும் அதிகம். வளர்ந்ததும் வாரம் ஆறு நாள் போதும். தின்னாததை மூன்று மணி நேரத்துக்குள் எடுங்கள். குகை வாசலில் குவியும் ஓடுகளைச் சைஃபனால் உறிஞ்சும்போது எண்ணிப் பார்த்தால் எவ்வளவு தின்கிறது என்று தெரியும்.

திருகு மூடி போட்ட பிளாஸ்டிக் ஜாடிக்குள் நண்டு வைத்துக் கொடுப்பது வெறும் வேடிக்கை இல்லை. வேலை இல்லாத ஆக்டோபஸ் வலைச் சட்டத்தைப் பிரிக்கத் தொடங்கும். முதலில் மூடியில்லாத ஜாடி, பிறகு தளர்ந்த மூடி, பிறகு இறுக்கிய மூடி.

கையை உள்ளே விடும் முன் சோப்பும் லோஷனும் இல்லாமல் நன்றாகக் கழுவுங்கள். உறிஞ்சிகள் பற்றிக்கொண்டால் இழுக்காமல் கையை நீருக்குள்ளேயே அசையாமல் வைத்து, ஆக்டோபஸின் ஒவ்வொரு கையாக உருட்டிப் பிரிக்கலாம். கடிக்கவும் செய்யும், உமிழ்நீரில் நஞ்சு உண்டு என்பதால் காயம் வலித்து வீங்கும்.

கைவசம் எப்போதும் இருக்க வேண்டியவை

100 லிட்டர் கலந்த உப்புநீர், காற்றோட்டத்தோடு, அதே 19 டிகிரியில். இதுதான் மைக்கான காப்பீடு. தொட்டியில் மை விட்டால் ஸ்கிம்மர் சில நேரம் நுரைத்து வழியும். நுரை சேரும் குவளையைக் கழற்றி ஓடவிடுங்கள். கோழையாகத் திரண்ட மையை வலையால் அள்ளி, புதுக் கார்பன் போட்டு, இந்த 100 லிட்டரை மாற்றினால் 40 சதவீதம் புதிய நீர். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் காலையில் பார்க்க விலங்கு இருக்காது.

பேட்டரி ஏர் பம்ப், மின்சாரம் போனதும் தானாக ஓடும் வகை. ஆவியாகும் நீரை ஈடுகட்டும் தானியங்கி மிதவை வைத்தால் அதன் தொட்டி 10 லிட்டருக்கு மேல் வேண்டாம். மிதவை சிக்கி 20 லிட்டர் நன்னீர் முழுதும் இறங்கினால் 35 பி.பி.டி. உப்பு 32.4 ஆகிவிடும், 10 லிட்டர் என்றால் 33.7-ல் நிற்கும். அறையில் கொசு மருந்தோ ஸ்ப்ரேயோ அடித்தால் ஏர் பம்ப் அதை உறிஞ்சி நேராக நீரில் கலக்கும்.

முதுமை

ஓராண்டை நெருங்கும்போதோ அதன்பின்னோ இரையில் ஆர்வம் குறையும், பகலில் குறியில்லாமல் அலையும், தோலில் வெண்புண் வரும், நிறம் மங்கும். பெண் என்றால் குகைக்கூரையில் முட்டைகளை ஒட்டி, காவல் காத்துக்கொண்டே தின்பதை நிறுத்தும். ஆணோடு சேராமல் உங்களிடம் தனியாகவே இருந்தாலும், வரும்முன் வாங்கிய விந்தைச் சேமித்து வைத்துக் கருவுற்ற முட்டை இடுவதும் உண்டு. 1977-ல் ஜெரோம் வொடின்ஸ்கி வேறொரு ஆக்டோபஸ் இனத்தின் பெண்களில் கண்ணருகே உள்ள ஆப்டிக் சுரப்பியை நீக்கியபோது, அவை முட்டைகளை விட்டுவிட்டு மீண்டும் தின்றன, கூடுதல் நாள் வாழ்ந்தன. முதுமை உடலுக்குள்ளிருந்து இயக்கப்படுகிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. எனவே அளவீடுகள் எல்லாம் சரியாக இருந்து இந்த அறிகுறிகள் வந்தால் மருந்து தேடாதீர்கள். விளக்கைக் குறைத்து, சிறு இரையைக் காட்டி, மறுத்தால் எடுத்துவிடுங்கள். வேதனை நீண்டால் கடல் விலங்கு தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கேட்டு மக்னீசியம் குளோரைடு மயக்கத்தில் முடிக்கலாம்.

குஞ்சு பொரித்தால் ஒன்றையொன்று தின்னும். துளையிட்ட பிளாஸ்டிக் டப்பாக்களில் தனித்தனியாகப் பிரித்து, சம்ப்பில் மிதக்கவிட்டு, உயிருள்ள ஆம்ஃபிபாட், மைசிட் (இறால் போன்ற மிகச் சிறு உயிர்கள்) கொடுக்க வேண்டும். முட்டையைப் பார்த்த அன்றே இந்த இரையின் வளர்ப்பைத் தொடங்கினால்தான் பொரிக்கும்போது கையில் இருக்கும். தேறாது என்று தோன்றினாலும் கடலில் கொண்டுபோய் விடக் கூடாது. தொட்டியின் நோய்க்கிருமியும் அதோடு போகும்.

விலங்கு இறந்ததும் கார்பனை மாற்றி, பாதி நீரை மாற்றி, ஸ்கிம்மரை ஓடவிட்டு, நண்டுகளுக்கு இரை போட்டு வடிகட்டியைக் காப்பாற்றுங்கள். அடுத்த குட்டி வரும்வரை காலியாக இருக்கிறதே என்று மீன் விட்டு, அதற்கு வெண்புள்ளி வந்து, யாராவது தாமிர மருந்து ஊற்றினால் கல்லும் மணலும் அதோடு தூக்கியெறிய வேண்டியவைதான்.